சில டீனேஜ் ஃபேண்டஸி படம் மட்டும் மனசுல நிக்குது, மத்தது ஏன் அப்பவே மறந்துபோகுது?

மழைத்தூறல்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போய்டுவேன், இன்னிக்கு கேட்டே ஆகணும்னு வந்துருக்கேன். என் பொண்ணுக்கு 12 வயசு. இந்த லீவுல ராத்திரி சாப்பாடு முடிச்சதும் நாங்க ரெண்டு பேரும் ஒரு படம் போட்டு உக்காந்துடுவோம். அவ கேக்கறது எல்லாமே ஃபேண்டஸிதான், ஒரு பையனோ பொண்ணோ இருப்பாங்க, அவங்களுக்குன்னு ஒரு மாய உலகம் திறக்கும், அந்த வகை. ஹாரி பாட்டர் மூணாவது பார்ட், கோல்டன் காம்பஸ், பெர்சி ஜாக்சன் முதல் பார்ட் மூணும் ஒரே வாரத்துல பாத்தோம்.

மூணுலயும் கிராஃபிக்ஸுக்கு குறைச்சல் இல்ல. கோல்டன் காம்பஸுக்கு அதுக்காக ஆஸ்கரே குடுத்துருக்காங்க. ஆனா அது முடிஞ்சதும் பொண்ணு என்னைத் திரும்பிப் பாத்து "அவ்ளோதானாம்மா?"ன்னு கேட்டா. பெர்சி ஜாக்சன் ஓடிட்டு இருக்கும்போது சிரிச்சிட்டேதான் பாத்தா, மறுநாள் காலைல கேட்டா கதைய சொல்லத் தெரியல. ஹாரி பாட்டர்ல அந்த ஏரிக்கரை சீன் வந்தப்போ ரெண்டு பேருமே பேசல. அங்க ஹாரி அப்பாவோட ஃபிரெண்டு சிரியஸ் கீழ விழுந்து கெடக்கான், சுத்தி டிமென்டருங்கன்னு உசுர உறிஞ்சற பேய்ங்க கூட்டமா இறங்குது, காலத்துல பின்னாடி வந்த ஹாரி எதிர்க்கரைல புதருக்குள்ள நின்னு பாத்துட்டு இருக்கான், எங்கப்பா வருவார், நான் பாத்தேன், இப்ப வந்துடுவார்னு சொல்லிட்டே இருக்கான். பக்கத்துல ஹெர்மாயினி யாரும் வரலன்னு சொல்றா. யாரும் வரல. அப்பறம் அவனே ஓடிப்போய் மந்திரக்கோலை நீட்டறான் பாருங்க, அந்த எடத்துல எனக்கு கண்ணு நிறைஞ்சிருச்சு. எனக்கு 38 வயசு, நான் அந்த புக்கெல்லாம் படிச்சதே இல்ல.

இத வீட்ல சொன்னா குழந்தைங்க படத்துக்கு எதுக்கு இவ்ளோன்னு கேக்கறாங்க. எனக்கு அது குழந்தைங்க படமா படல. ஒரே மாதிரி மந்திரம், ஒரே மாதிரி செலவு, ஆனா ஒண்ணு உள்ள போகுது இன்னொண்ணு போக மாட்டேங்குது. இது கதை சொல்ற விதத்துலயா, டைரக்டராலயா, இல்ல புக்கே அப்படியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எடிட்டர் தம்பி:

அக்கா, நீங்க சொன்ன சீன நான் எத்தன தடவ ரிவைண்ட் பண்ணி பாத்துருப்பேன்னு கணக்கே இல்ல. நான் எடிட்டிங் வேலைல இருக்கேன், எங்கிட்ட வேலை கத்துக்க வர்ற பசங்களுக்கு மொதல்ல இந்தப் படத்ததான் போட்டுக் காட்டுவேன். அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

மொத ரெண்டு பார்ட்டையும் எடுத்தது கிறிஸ் கொலம்பஸ். மூணாவதுக்கு மெக்சிகோவுலேந்து அல்ஃபோன்சோ குவாரோன் வந்தார், 2004ல ரிலீஸ். அவர் வந்ததும் பண்ணது என்னன்னா அந்த மூணு பசங்களையும் கூப்புட்டு உங்க கேரக்டர் பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டு வாங்கன்னு சொன்னார். எம்மா வாட்சன் பக்கம் பக்கமா எழுதிட்டு வந்துச்சு, டேனியல் ஒரு பக்கத்தோட நிறுத்திட்டான், ரூபர்ட் கிரின்ட் எழுதவே இல்ல, அவன் நடிக்கற ரான் எழுத மாட்டான்ல. மூணு பேரும் அவங்கவங்க கேரக்டராவே நடந்துகிட்டாங்க. யூனிஃபார்ம கூட அவங்க இஷ்டத்துக்கு போட்டுக்கச் சொன்னார், சட்டை வெளிய தொங்கும், டை லூசா இருக்கும். ஒரு ஸ்கூல்ல 13 வயசு பசங்க எப்படி இருப்பாங்களோ அப்படித்தான் இருக்காங்க. அந்த ஸ்கூல நம்ம நம்பிட்டோம்னா மந்திரத்த நம்ப வைக்க தனியா கஷ்டப்பட வேண்டாம்.

இப்ப கதை சொல்றதுக்கு வர்றேன். லூபின் சார் கிளாஸ் சீன் ஞாபகம் இருக்கா, ஒரு அலமாரிக்குள்ள போகார்ட் இருக்கும், எதிர்ல நிக்கறவனுக்கு எது ரொம்ப பயமோ அதுவா மாறும். கிராமஃபோன்ல பாட்டு ஓடுது, பசங்க வரிசைல நின்னு சிரிச்சிட்டு இருக்காங்க. நெவில் முன்னாடி வந்தா ஸ்னேப் வாத்தியார் வெளிய வர்றார், உடனே பாட்டி புடவை கட்டுன மாதிரி பாட்டி டிரெஸ்ல நிக்கறார், கிளாஸே சிரிக்குது. ஹாரி முன்னாடி வந்ததும் டிமென்டர் வருது, சிரிப்பு நிக்குது, லூபின் குறுக்க பாய்றார், அவருக்கு முன்னாடி அது என்னவா மாறுது பாத்தீங்களா? மேகத்துக்கு நடுவுல முழு நிலா. ரெண்டே செகண்ட். யாரும் ஒரு வார்த்த சொல்றதில்ல. அப்பறம் ஸ்னேப் கிளாஸ் எடுக்க வர்றப்போ ஓநாய் மனுஷன் பத்தின பாடத்த தெறக்கச் சொல்றார். அந்த நிலாவுக்கு அர்த்தம், லூபின்தான் அந்த ஓநாய் மனுஷன்ங்கறது, படத்தோட கடைசி பகுதிலதான் கெடைக்குது. சிரிக்க வைக்கற ஒரு சீனுக்குள்ள பயத்தையும், ஒருத்தரோட ரகசியத்தையும் சேத்து வச்சுருக்காங்க. என்னப் பொறுத்தவரைக்கும் இதுதான் திரைக்கதை.

அதே மாதிரிதான் காலத்துல பின்னாடி போற விஷயமும். மொத தடவ ஹாக்ரிட் குடிசைல இருக்கறப்போ ஜன்னல் வழியா ஒரு கல்லு வந்து ஜாடிய உடைக்கும், அடுத்த கல்லு ஹாரி தலைலயே படும். யார் எறிஞ்சான்னு அப்ப தெரியாது. ஓநாய் இவங்கள நெருங்கறப்போ தூரத்துல இன்னொரு ஊளை கேக்கும், அது திரும்பிப் போயிடும். ரெண்டாவது தடவ அதே நேரத்துக்கு திரும்ப வர்றப்போதான் கல்லு எறிஞ்சது ஹெர்மாயினி, ஊளை விட்டதும் அவதான்னு தெரியுது. பாக்கறவங்க இதையெல்லாம் ஜாலியா கண்டுபிடிச்சிட்டே வர்றோம், கல்லு நாமதான், ஊளை நாமதான்னு ஒவ்வொண்ணா பழகிட்டே வர்றோம், அந்தப் பழக்கத்துலயே ஏரிக்கரைக்கு வந்து நிக்கறோம். அங்க வந்து காப்பாத்துனது யாருன்னு பாத்தா அதுவும் நாமதான். நெனச்ச அப்பா இல்ல. அக்கா, உங்களுக்கு அழுகை வந்தது அங்கதான். காலத்துல பின்னாடி போறது வெறும் டெக்னிக்கா நிக்கல, அப்பா இல்லாத ஒரு பையன் இனிமே வர மாட்டார்னு ஏத்துக்கறதுக்கான வழியா மாறிடுச்சு. மாயத்துக்குன்னு ஒரு விதி இருக்கு, அந்த விதியும் அந்தப் பையனோட மனசும் ஒரே எடத்துல வந்து முட்டுது பாருங்க, அப்படி முட்டற படம்தான் நிக்கும். இத நான் அடிச்சு சொல்லுவேன்.

எட்டு பார்ட்லயே கம்மி வசூல் இந்த மூணாவதுக்குத்தான், ஆனா எட்டுல எது பெஸ்ட்டுன்னு கேட்டா சினிமாக்காரங்க பெரும்பாலும் இதத்தான் சொல்றாங்க.

பனிக்கரடி ரசிகன்:

மேல தம்பி சொன்னதோட ஒத்துப்போறேன். ஆனா கோல்டன் காம்பஸ சும்மா ஒதுக்கிட்டுப் போக எனக்கு மனசு வரல, அந்த புக் எனக்கு உசுரு. மழைத்தூறல் மேடம், உங்க பொண்ணு "அவ்ளோதானா"ன்னு கேட்டது நூத்துக்கு நூறு சரியான கேள்வி. ஏன்னா அந்தப் படத்தோட கிளைமாக்ஸ உண்மையிலேயே வெட்டிட்டாங்க.

அந்த உலகத்துல ஒவ்வொரு மனுஷனோட ஆன்மாவும் உடம்புக்கு வெளிய ஒரு மிருகமா கூடவே நடந்து வரும். சின்னப் பசங்களோடது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், பூனையா இருக்கும், அந்துப்பூச்சியா ஆகும், பறவையா பறக்கும். வயசுக்கு வர்ற காலத்துல ஒரே உருவத்துல நின்னுடும், அதுக்கப்பறம் மாறாது. வளர்றதப் பத்தி இதவிட அழகா ஒரு கற்பனைய நான் எங்கயும் பாத்ததில்ல. நாம யாரா வேணா ஆகலாம்னு நெனச்சிட்டு இருக்கற வயசு ஒரு நாள் முடிஞ்சு போகுதுல்ல, அத கண்ணு முன்னாடி ஒரு மிருகமா நிறுத்திட்டாங்க. கதைல கெட்டவங்க பண்றது என்னன்னா பிள்ளைங்களப் புடிச்சிட்டுப் போய் அந்த மிருகத்தையும் பிள்ளையையும் தனித்தனியா அறுத்துப் பிரிக்கறாங்க. படிக்கறப்போ வயித்தப் பிசையும்.

புக் எங்க முடியுதுன்னா, கதாநாயகி லைரா தன்னோட ஃபிரெண்டு ரோஜரக் காப்பாத்தி கூட்டிட்டு வந்துட்டோம்னு நெனைக்கறா, ஆனா அவள நம்பி வந்த அந்தப் பையன் அவளோட அப்பாவாலயே சாகறான். ஜெயிச்சிட்டோம்னு நெனைச்ச பயணமே அவனக் கொண்டுபோய் சாவுல விட்டுச்சு. அதுதான் கதையோட முதுகெலும்பு. 2007ல படம் எடுத்தப்போ அந்தக் கடைசி பகுதியையும் ஷூட் பண்ணாங்க, அப்பறம் அடுத்த பார்ட்டுல வச்சுக்கலாம்னு தூக்கிட்டாங்க. ரெண்டு பேரும் ஆகாய கப்பல்ல சந்தோஷமா பறந்து போற மாதிரி முடிச்சிட்டாங்க. அடுத்த பார்ட் வரவே இல்ல. சண்டை சீன் வரிசையக் கூட மாத்தி, கரடி சண்டைய முன்னாடி இழுத்து, பிள்ளைங்கள அடைச்சு வச்ச எடத்த பின்னாடி தள்ளிட்டாங்க. மத அதிகாரத்தப் பத்தி புக் கேக்கற கேள்விகளையும் மழுப்பிட்டாங்க. இத்தனையும் எடுத்துட்டா மிச்சம் இருக்கறது அழகான கரடி மட்டும்தான். அந்தக் கரடி எனக்கு இப்பவும் பிடிக்கும், அது வேற.

2019ல ஆரம்பிச்ச ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்ங்கற டிவி சீரிஸ்ல மொத சீசன அந்த முடிவு வரைக்கும் கொண்டுபோனாங்க. பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வயசு ஆனதும் காட்டுங்க, கூட உக்காந்து பாருங்க.

அந்த பத்து வருஷமே அப்படித்தாங்க போச்சு. ஹாரி பாட்டர் ஓடுனதப் பாத்துட்டு ஒவ்வொரு ஸ்டூடியோவும் ஒரு புக் வரிசைய வாங்கி மொத படத்துலயே அடுத்த அஞ்சு படத்துக்கு அடிபோட்டாங்க. எராகான் 2006ல வந்து அதோட நின்னுச்சு. இன்னும் எத்தனையோ. நாளைக்கு சாப்பாடு போடறேன்னு இன்னிக்கு பட்டினி போட்டா யார் மறுநாள் வருவாங்க?

டிராகன் முட்டை:

ஒரு சின்ன மாற்றுக் கருத்துங்க. புக்குல இருக்கற மாதிரி எடுக்காததுதான் தப்புன்னு பேச்சு போற மாதிரி தெரியுது, எனக்கு அது சரியா படலைங்க. ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன் 2010ல வந்துச்சு, அதுக்கும் புக்குக்கும் சம்பந்தமே கம்மி. புக்குல டூத்லெஸ் ஒரு குட்டி டிராகன், சொல்பேச்சு கேக்காது, அவ்ளோதான். படத்துலதான் அத யாரும் கண்ணால பாத்தே இராத, எல்லாரும் நடுங்கற கருப்பு டிராகனா மாத்துனாங்க. மாத்துனதாலதான் அந்தப் படமே நிக்குதுங்க.

அதுல ஒரு சீன், காட்டுக்குள்ள பள்ளத்துல ஹீரோ பையனும் அடிபட்ட டிராகனும் மட்டும். பேச்சே இல்ல. பையன் மண்ணுல குச்சியால அதோட மூஞ்சிய வரையறான், அது பாத்துட்டு ஒரு மரத்தையே புடுங்கி வந்து மண்ணு பூரா கோடு கோடா இழுத்து வைக்குது. இவன் தெரியாம கோட்ட மிதிச்சா உறுமும், கால எடுத்தா நிறுத்தும். அவன் ஒவ்வொரு கோட்டையும் தாண்டித் தாண்டி நடந்து கடைசில அதோட மூக்குக்கு முன்னாடி வந்து நிக்கறான். கைய நீட்டறான், அது பின்வாங்குது. அப்பதாங்க மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு கைய மட்டும் நீட்டி வச்சுட்டு கண்ண மூடிக்கறான். அதுவா வந்து மூக்க கைல வைக்குது. ஜான் பவல் பிஜிஎம் மட்டும் பின்னாடி. எங்க வீட்ல நாய் வளக்கறோம்ங்க, தெருவுல அடிபட்டுக் கெடந்தத தூக்கிட்டு வந்தோம், மொத வாரம் பூரா கிட்டயே சேக்காது. நாங்க திரும்பி உக்காந்துட்டு கைல பிஸ்கட்ட வச்சுட்டே இருந்தோம். அதனால அந்த சீன் எடுத்தவங்களுக்கு மிருகம்னா என்னன்னு தெரிஞ்சுருக்குன்னு எனக்குப் புரிஞ்சுது.

முடிவுல அந்தப் பையனுக்கு ஒரு கால் போயிடுது. டிராகனோட வால் துடுப்பு ஒரு பக்கம் போனதே இவன் வீசுன கயித்துக் கண்ணியாலதான், கடைசில ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் சாய்ஞ்சு நடக்கறாங்க. குழந்தைங்க படத்துல ஹீரோவுக்கு கால எடுக்க தைரியம் வேணுங்க. புக்க மாத்தலாம், தாராளமா மாத்தலாம், ஆனா மாத்தறது கதைக்காக இருக்கணும்.

பெர்சி ஜாக்சன் அதுக்கு நேர் எதிர். புக்குல அவனுக்கு 12 வயசு, 16 ஆகறப்போ என்ன நடக்கும்ங்கற ஆருடத்த வச்சுதான் அஞ்சு புக்கும் ஓடுது. படத்துல மொதல்லயே பெரிய பையனாக்கிட்டாங்க. அப்பறம் ரெண்டாவது பார்ட்டுல ஆருடத்த 20 வயசுக்குத் தள்ளுனாங்க. 12 வயசு பையன் அம்மாவத் தேடிப் போறான்னா அதுல ஒரு பரிதவிப்பு இருக்கு. வளந்த பையன் போனா அது வெறும் அட்வென்ச்சர். டைரக்டர் யாருன்னு பாத்தா அதே கிறிஸ் கொலம்பஸ்ங்க, ஹாரி பாட்டர் மொத ரெண்டு பார்ட்டுல 11, 12 வயசு பசங்கள வச்சு அவ்ளோ அழகா எடுத்தவர்.

எடிட்டர் தம்பி:

டிராகன் அண்ணா, கோட்ட மிதிக்கற சீன் பத்தி நீங்க எழுதுனது அருமை. ஒத்துக்கறேன். ஹாரி பாட்டர் மூணாவதுலயும் புக்குல இருக்கற எவ்வளவோ விஷயம் இல்ல. ஹாரிகிட்ட இருக்கற அந்த மாய மேப்ப எழுதுன நாலு பேரு யாருன்னே படத்துல சொல்லல, ஏரிக்கரைல அவன் மந்திரத்துல வர்ற மான் உருவம் ஏன் அப்பாவ ஞாபகப்படுத்துதுன்னும் சொல்லல. புக் படிச்சவங்க இன்னும் கோவமா இருக்காங்க, அந்தக் கோவத்துல நியாயமும் இருக்கு. ஆனா அக்கா புக் படிக்கல, அவங்களுக்கும் கண்ணு நிறைஞ்சுது. அப்ப தேவையானது படத்துலயே இருந்துருக்கு.

நூலகத்து ஜன்னல்:

எல்லாருடையதையும் ரெண்டு தடவை படிச்சேன். நான் ஒரு பள்ளிக்கூட நூலகத்துல இருபத்திரெண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவ. இந்தக் கதைகளைக் கையில வச்சுக்கிட்டு ராக்குகளுக்கு நடுவுல தரையில உட்கார்ந்து படிச்ச பிள்ளைகளை தினமும் பாத்துருக்கேன். அதனால குழந்தைகள் சமாச்சாரம்னு யாராவது சொன்னா எனக்கு வருத்தமா இருக்கும்.

எட்டாவது படிச்ச ஒரு பையன் ஒரே வருஷத்துல ஹாரி பாட்டர் மூணாவது புத்தகத்தை நாலு முறை எடுத்தான். கார்டுல அவன் பேரு நாலு தடவை இருந்துச்சு. ஏன்டா தம்பி, அடுத்தது எல்லாம் இருக்கே, இதையே எடுக்கறயேன்னு கேட்டேன். "இதுல வோல்டமார்ட் வரமாட்டான் மிஸ்"னு சொன்னான். அதுக்கு மேல அவன் ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல. அன்னிக்கு சாயந்திரம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் திரும்பப் படிச்சேன். அவன் சொன்னது உண்மைதான், அந்த வரிசையோட பெரிய வில்லன் வோல்டமார்ட் நேரா வராத கதை அது. அங்க எதிரின்னு பாத்தா பயம், பழைய துக்கம், தப்பா தண்டிக்கப்பட்ட ஒரு மனுஷன், உடம்பு மாறறதை மறைச்சு வாழற ஒரு ஆசிரியர். அடிச்சு வீழ்த்த ஆள் இல்லாத கதை. பதின்மூணு வயசுல பிள்ளைகளுக்கு வர்ற கஷ்டம் பெரும்பாலும் அப்படித்தானே இருக்கு, யார் மேலயும் கை நீட்டிச் சொல்ல முடியாது.

அம்மா மழைத்தூறல், நீங்க பாப்பாவோட ஜப்பான்காரங்களோட கிகிஸ் டெலிவரி சர்வீஸ் பாக்கணும். மியாசாகி எடுத்தது, 1989. சூனியக்காரி வம்சத்துல 13 வயசு ஆனா வீட்டை விட்டு ஒரு வருஷம் தனியா வேற ஊர்ல போய் வாழணும்கறது வழக்கம். அந்தப் பொண்ணு கடலோர ஊருக்கு விளக்குமாத்துல பறந்து வந்து சாமான் கொண்டுபோய்க் குடுக்கற வேலை பாக்குது. கூட ஒரு கருப்புப் பூனை, அது பேசறது இவளுக்குப் புரியும். நடுவுல ஒரு நாள் பறக்க வரல. யாரும் சாபம் விடல, யாரும் திருடல, அவளால முடியல, அவ்வளவுதான். பூனை வாயைத் திறந்தா வெறும் மியாவ். அந்தப் பொண்ணு முகத்துல அப்ப வர்ற கலக்கத்தை நான் எத்தனையோ பிள்ளைகள் முகத்துல பாத்துருக்கேன், போன வருஷம் வரைக்கும் அருமையா படம் வரைஞ்ச பிள்ளை திடீர்னு எனக்கு வரல மிஸ்னு நிக்கும்.

கடைசியில அவளுக்குப் பறக்கற சக்தி திரும்பிடுது. பூனை பேச்சு மட்டும் மூலப்படத்துல திரும்ப வரவே இல்ல. பூனை தோள்ல ஏறி மியாவ்னுதான் சொல்லும், அவ சிரிச்சுக்கிட்டே கன்னத்தை வச்சுத் தேய்ப்பா. 1998ல அமெரிக்காவுல டப்பிங் பண்ணினப்போ அந்த இடத்துல பூனை பேசற மாதிரி ஒரு வரியைச் சேர்த்துட்டாங்க. ஒரே ஒரு வரி. அந்த வரி இருந்தா எல்லாம் பழையபடி ஆயிடுச்சுன்னு அர்த்தம். அது இல்லன்னா அவ வளந்துட்டா, ஒண்ணு போயிடுச்சு, போனாலும் பூனை தோள்லதான் இருக்கு. பின்னாடி 2010ல வந்த பதிப்புல அந்த வரியை எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சப்போ எனக்கு அவ்வளவு நிம்மதி.

நார்னியா முதல் படத்தையும் விட்டுடாதீங்க. 2005. லூசி அலமாரிக்குள்ள கோட்டுகளை விலக்கிக்கிட்டுப் போய் பனியில கால் வைக்கற இடத்தைக் கவனிங்க. அந்தச் சின்னப் பொண்ணோட கண்ணைக் கட்டித் தூக்கிட்டு வந்துதான் செட்டுக்குள்ள விட்டாங்களாம், அதுவரைக்கும் அந்தப் பனிக்காட்டை அவ பாத்ததே இல்ல. அதனால முகத்துல வர்றது நடிப்பு இல்ல. படம் ஆரம்பிக்கறதே லண்டன்ல குண்டு விழற ராத்திரியில. எட்மண்ட் பதுங்குகுழிக்கு ஓடாம அப்பா போட்டோவை எடுக்கத் திரும்ப வீட்டுக்குள்ள ஓடுவான், அதுக்கு அண்ணன்கிட்ட திட்டு வாங்குவான். அப்பறம் அவன் சூனியக்காரி குடுக்கற இனிப்புக்கு மயங்கினா நமக்கு அவன் மேல கோவம் மட்டும் வரல. இந்த ஒரு நிமிஷத்தை முன்னாடி வச்சதுக்காகவே அந்த டைரக்டருக்கு நான் நன்றி சொல்லுவேன்.

பனிக்கரடி ரசிகன்:

மிஸ், அந்தப் பையன் சொன்ன பதில படிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

மழைத்தூறல்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி தம்பி எழுதுனத பொண்ணுகிட்ட படிச்சுக் காட்டாம, சும்மா திரும்பவும் மூணாவது பார்ட் போடலாமான்னு மட்டும் கேட்டேன். அலமாரி சீன்ல நிலா வந்ததும் "ம்மா, ம்மா, நிறுத்து"ன்னு ரிமோட்ட புடுங்கி பின்னாடி தள்ளி மறுபடி பாத்தா. மொத தடவ பாத்தப்போ அது ஏதோ கண்ணாடி உருண்டைன்னு நெனச்சாளாம். அதுக்கப்பறம் படம் பூரா லூபின் சாரையேதான் பாத்துட்டு இருந்தா, அவர் சட்டை கிழிஞ்சிருக்கு, அவர் எப்பவும் டயர்டா இருக்கார், சாக்லெட் குடுக்கறார்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டே வந்தா. அவர் பெட்டியெல்லாம் கட்டிட்டு ஸ்கூல விட்டுக் கெளம்பற சீன்ல எனக்கு முன்னாடி அவ அழுதுட்டா. போன தடவ அந்த சீன்ல அவ தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போயிருந்தா.

மிஸ், ஞாயித்துக்கிழமை கிகி பாக்கறோம், அவகிட்ட பூனை பத்தி ஒண்ணும் சொல்லல. ஜப்பான் ஆடியோல இங்கிலீஷ் சப்டைட்டில் வச்சுப் பாத்தா அவளால படிச்சிட்டே பாக்க முடியுமா, வேகமா ஓடுமா? இல்ல மொத தடவ டப்பிங்லயே பாத்துட்டு கடைசி பத்து நிமிஷத்த மட்டும் ஜப்பான்ல போட்டுக் காட்டட்டுமா?

நூலகத்து ஜன்னல்:

முழுசாவே ஜப்பான்ல போடுங்கம்மா. அதுல பேச்சு கம்மி, நிதானமா போகும், 12 வயசுப் பிள்ளை தாராளமா படிச்சிடும். பாத்துட்டு பாப்பா என்ன சொன்னான்னு மட்டும் வந்து எழுதுங்க, காத்துட்டு இருப்பேன்.